ஜிபோவுக்குப் போகும் சாலை

வணக்கம் நேயர்களே. வானொலிப் பேச்சில் தொடங்கிய ஒரு கதையை வானொலியிலேயே சொல்வது எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ. அதன் தலைநகர் வாகடூகூவிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் ஜிபோ. மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். ஃபுலானி மேய்ப்பர்கள் ஓட்டிவரும் மாடுகள்தான் அந்த ஊரின் சோறு.

அங்கே உள்ளூர் வானொலியில் மாலம் இப்ராஹிம் டிக்கோ என்ற போதகர் ஃபுலானிகளின் ஃபுல்ஃபுல்டே மொழியில் பேசுவார். கல்யாணத்துக்கும் பரிசப்பணத்துக்கும் கடன்பட்டுச் சாவதைக் கண்டித்தார். அடிமை வம்சம் என்று ஒதுக்கப்பட்டவர்களும் சமம் என்றார். இளைஞர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள், கேட்கத்தானே செய்வார்கள்? அப்புறம் அவர் ஆயுதத்தின் பக்கம் திரும்பியபோது பலர் விலகிக்கொண்டார்கள். விலகாதவர்களும் இருந்தார்கள். 2016 டிசம்பரில் ஜிபோவுக்கு அருகே நசும்பூவில் 12 ராணுவ வீரர்களைக் கொன்றது அவருடைய குழு. அவர் 2017-இல் இறந்துபோனார். தம்பி ஜாஃபர் பொறுப்பேற்றார். அந்தப் படை பிறகு அல்-காய்தா சார்ந்த கூட்டணியோடு சேர்ந்துகொண்டது.

பழியெல்லாம் ஒரு பக்கம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் ஜிபோவில் ஒரே நாளில் 31 பேரைப் பாதுகாப்புப் படையினர் பிடித்துப்போய்ச் சுட்டுக் கொன்றதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் பதிவு செய்தது. எல்லோரும் ஃபுலானி ஆண்கள், நிராயுதபாணிகள். அடுத்த வீட்டுப் பையன் ஏன் ஆயுதக் குழுவில் சேரக் காட்டுக்குள் போனான் என்று ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

2022 பிப்ரவரியில் அந்த ஆயுதக் குழுவினர் ஜிபோவுக்குப் போகும் சாலையை அடைத்தார்கள். தண்ணீர் நிலைகளை உடைத்தார்கள், பாலங்களைத் தகர்த்தார்கள். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தப்பி வந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் உள்ளே. சந்தை என்ன ஆகும்? மாடு வெளியே போகாது, தானியம் உள்ளே வராது.

அந்த செப்டம்பரில் ராணுவக் காவலோடு உணவு லாரிகள் கிளம்பின. காஸ்கிண்டே என்ற இடத்தில் மறித்துக் கொளுத்தினார்கள். 27 வீரர்கள் இறந்தார்கள். நான்கே நாளில், செப்டம்பர் 30-ஆம் தேதி, நாட்டின் ஆட்சியே கவிழ்ந்தது. ராணுவ ஆட்சித் தலைவர் டமிபா போனார், இன்னொரு ராணுவ அதிகாரி இப்ராஹிம் திராவோரே வந்தார். ஒரு சின்ன ஊருக்குப் போகும் சாலையைத் திறக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம். ஆட்சி மாறியதே தவிர, சாலை திறக்கவில்லை. 2023 நவம்பரில் ஆயுதக் குழுவினர் ஊருக்குள் புகுந்து தாக்கியதில் குறைந்தது 40 பொதுமக்கள் இறந்ததாக ஐ.நா. சொன்னது. 2025 மே மாதமும் தாக்கினார்கள்.

இடையில் ஹெலிகாப்டரில் கொஞ்சம் உணவு வந்து இறங்கியது. 3 லட்சம் வயிற்றுக்கு ஹெலிகாப்டரில் எவ்வளவு கொண்டுவர முடியும், சொல்லுங்கள்? பெண்கள் இலை பறித்து வந்தார்கள். அவித்து, உப்பு இருந்தால் உப்புப் போட்டு, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கிட்டத்தில் இருந்த மரங்கள் மொட்டையானதும் ஊர் எல்லையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அங்கே துப்பாக்கியோடு ஆட்கள் இருப்பது தெரிந்தும் போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.