பல்லக்கைத் தூக்குவது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானங்களைக் கணினியில் ஓட்டி, பல நாட்டவர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி மோதும் விளையாட்டுகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இவை நேற்று முளைத்தவை அல்ல. 1980-களின் பிற்பகுதியிலேயே தொலைபேசிக் கம்பி வழியாக ‘ஏர் வாரியர்’ ஆடியவர்கள் இருந்தார்கள். 2001-இல் ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’ வந்தபின் கூட்டம் பெருகியது. மேசைமேல் ஜாய்ஸ்டிக், காலடியில் சுக்கான் மிதிகள், காதில் ஹெட்போன், கதவுக்கு வெளியே பொறுமை இழந்த குடும்பம்: இவர்களின் அடையாளம் இதுதான்.

“வரலாற்றில் நடந்தது போலவே இல்லையே” என்பது இவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல். பழி எப்போதும் விளையாட்டைத் தயாரித்தவர் மீது விழும். இல்லாவிட்டால் சர்வரை நடத்துபவர் மீது விழும். என் கட்சி வேறு. அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கைக்கு உரியது.

1940 ஜூலை முதல் அக்டோபர் வரை ஜெர்மன் விமானப்படைக்கும் பிரிட்டனுக்கும் நடந்த பிரிட்டன் வான்போரையே எடுத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் செய்யக்கூடியதைப் பெரும்பாலும் செய்துவிடுகிறார். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்கள் இரண்டிலும் இருந்த மெர்லின் என்ஜினுக்கு அப்போது ஒரு கோளாறு உண்டு. மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் கார்புரேட்டரில் எரிபொருள் தடைப்பட்டு என்ஜின் இருமும். ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 109 போர் விமானத்தில் எரிபொருள் நேரடியாகச் செலுத்தப்பட்டதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. துரத்தப்படும் ஜெர்மன் விமானி மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்து தப்புவான். 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பொருத்தி இதைப் பெருமளவு சமாளித்தார். தரமான விளையாட்டுகளில் அந்த இருமல்கூட இருக்கிறது. எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் குண்டுகள் பதினைந்து விநாடித் தொடர் சுடுதலில் தீர்ந்துபோவதும் இருக்கிறது.

எந்த நிரலாளராலும் எழுதித்தர முடியாத ஒன்று மரண பயம். பிரிட்டிஷ் தரப்பில் இந்தப் போரில் பறந்தவர்கள் ஏறத்தாழ 2,900 பேர். அவர்களில் 544 பேர் அந்த மாதங்களிலேயே உயிரிழந்தார்கள். மிஞ்சியவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் வீடு திரும்ப வேண்டும் என்ற நினைப்பிலிருந்து பிறந்தது. அடிபட்டால் சண்டையை விட்டு விலகினார்கள். சாதகமான உயரம் இல்லாதபோது, முடிந்தவரை மோதலைத் தவிர்த்தார்கள். நம் ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? நேருக்கு நேர் முட்டுகிறார். இறக்கை போனாலும் இன்னொருவரை இழுத்துக்கொண்டு விழுகிறார். அரை நிமிடத்தில் புதிய விமானத்தில் வந்து குதிக்கிறார். விமானத்தின் ஒவ்வொரு ஆணியும் 1940-ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். ஓட்டுபவரின் நடத்தையில் 1940 கொஞ்சமும் இல்லை.

ஜெர்மன் தரப்பில் ஆடுபவருக்கு இன்னும் கடினமான சோதனை உண்டு. பிரான்ஸ் கடற்கரையிலிருந்து கிளம்பிய மெசர்ஷ்மிட் 109-க்கு லண்டன் வானில் சுமார் பத்து நிமிடம் தங்கத்தான் எரிபொருள் போதும். குண்டுவீச்சு விமானங்களின் இழப்பு கூடியதும், அவற்றை ஒட்டியே பறந்து காக்கும்படி ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வற்புறுத்தினார். வேகமும் உயரமும்தான் பலம் என்று பழகிய விமானிகளுக்கு அது கையைக் கட்டிப்போட்டது போலாயிற்று. மெதுவாகப் போகும் ஹைன்கல் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து பறந்து, எரிபொருள் முள்ளையும் பார்த்துக்கொண்டு, தாக்க வருகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தப் போரின் நாடகம் முழுவதும் இந்த எரிச்சலில் இருக்கிறது. இணையத்தில் நடப்பதோ வேறு. காவலுக்கு வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் ஸ்பிட்ஃபயரைக் கண்டதுமே ஹைன்கலை நட்டாற்றில் விட்டுப் பறந்துவிடுவார்கள். ஹைன்கலை ஓட்டியவர் மறுவாரம் வரமாட்டார். ஏன் வர வேண்டும்?

எல்லாரும் பல்லக்கு ஏறினால் பல்லக்கைத் தூக்குவது யார்? இந்த அரங்குகளில் எல்லாருக்கும் ஸ்பிட்ஃபயர் வேண்டும். 1940-இல் எண்ணிக்கையில் அதிகம் இருந்தவை ஹரிக்கேன்கள். வீழ்த்தப்பட்ட எதிரி விமானங்களில் பாதிக்கு மேல் அவற்றின் கணக்குதான். வேகத்தில் ஒருபடி தாழ்ந்த விமானத்தை விரும்பி எடுப்பவர், வரலாற்றுக்குத் தாம் செய்யக்கூடியதைப் புறப்படும் முன்பே செய்துவிடுகிறார்.

“ஃபிரான்டிஷெக் மட்டும் கூட்டத்தோடா பறந்தார்?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. யோசெஃப் ஃபிரான்டிஷெக் செக் நாட்டவர். பிரிட்டிஷ் விமானப்படையில் போலந்து விமானிகளைக் கொண்ட 303-ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவில் ஹரிக்கேன் ஓட்டியவர். அணியை விட்டு நழுவி, திரும்பிப் போகும் ஜெர்மன் விமானங்களைத் தனியாக வேட்டையாடுவார். கண்டித்துப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் அவரை ஸ்குவாட்ரனின் ‘விருந்தாளி’யாகக் கருதித் தனியே பறக்க விட்டுவிட்டார்கள். பதினேழு விமானங்கள் அவர் கணக்கில் சேர்ந்தன. 1940 அக்டோபர் 8 அன்று அவருடைய விமானம் சர்ரே பகுதியில் விழுந்து நொறுங்கி அவர் இறந்தார். சரி, ஒரு ஃபிரான்டிஷெக்கை வரலாறு தாங்கிக்கொண்டது. ஸ்குவாட்ரன் முழுவதும் ஃபிரான்டிஷெக்காக இருந்திருந்தால் அதற்கு ஸ்குவாட்ரன் என்றே பெயர் இருந்திருக்காது.

புள்ளிப் பட்டியலும் ஒரு காரணம். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் விழுந்தவை ஏறத்தாழ 60. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு, மூவரும் தம் கணக்கில் எழுதியிருப்பார்கள். புகைந்துகொண்டு மேகத்துக்குள் போனது விழுந்ததா, வீடு சேர்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? அந்தக் குழப்பமே போரின் உண்மை. திரையில் “நீங்கள் வீழ்த்தினீர்கள்” என்று உடனே எழுத்து மின்னும் இடத்தில், ஆட்டக்காரர் அந்த எழுத்துக்காகவே பறக்கத் தொடங்குகிறார். அமைப்பில் அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட்டு ஒருமுறை பறந்து பாருங்கள்.

பணம் கொடுத்து வாங்கியவன் விருப்பப்படி ஆடக்கூடாதா என்பது நியாயமான கேள்வி. தாராளமாக ஆடலாம், அதற்கென்றே அடிதடி அரங்குகள் இருக்கின்றன, அங்கே எனக்கும் பொழுது நன்றாகப் போகும். 1940 என்று பலகை மாட்டி, நாள் குறித்து, ஆளுக்கு ஓர் உயிர்தான் என்று விதி வைத்து நடத்தும் அரங்குக்குள் நுழைந்தபின் கதை வேறு. அங்கே உங்கள் அவசரம் இன்னொருவரின் மாலைப்பொழுதைக் கெடுக்கிறது.

இன்னொன்றையும் கறாராகச் சொல்ல வேண்டும். ஜெர்மன் விமானத்தில் ஏறுவது ஒரு வேடம். ஹிட்லரின் கொள்கைக்கு வக்காலத்து வாங்குவதோடு அதைக் குழப்பக்கூடாது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்ட ஜெர்மனியில் சட்டத்தடை உண்டு; அதனால் பல விளையாட்டுகளில் வால்பகுதி வெறுமையாகவே வரும். அச்சு அசலாக இருக்கட்டும் என்று அதை வரைந்துகொள்கிறவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். வானொலி அலைவரிசையில் யூத வெறுப்பு வேடிக்கை பேசிவிட்டு அதுவும் அக்காலச் சூழல் என்று சொல்கிறவரை வெளியேற்றுவேன். வரலாற்று உணர்வு என்ற பெயரில் இந்தச் சாக்கு புழங்குவதை எத்தனையோ குழுக்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன.

நமக்கு அருகில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லி முடிக்கிறேன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அந்தக் கப்பல் அணி வருவதை முந்தைய நாளே கடலில் ஒரு கேட்டலினா ரோந்து விமானம் கண்டு சொல்லியிருந்தது. அப்படியும் மறுநாள் காலையில் எச்சரிக்கை எட்டாததால், கொழும்பை அடுத்த இரத்மலானை விமானத்தளத்தில் ஹரிக்கேன்கள் தாக்குதலுக்கு நடுவிலேயே எழும்ப வேண்டியிருந்தது. அதே வேளையில் திருகோணமலைப் பக்கமிருந்து டார்பிடோ சுமந்து வந்துகொண்டிருந்த ஆறு பிரிட்டிஷ் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் ஜப்பானின் ஜீரோ போர் விமானங்களிடம் சிக்கின. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள் அவை. ஆறும் வீழ்ந்தன.

அந்தக் காலையை இணையத்தில் நடத்த யாராவது முன்வந்தால், ஜீரோவுக்கு வரிசை நீளும். ஹரிக்கேனுக்கும் ஆள் கிடைக்கும். ஸ்வார்ட்ஃபிஷுக்கு ஆறு பெயர்கள் சேரும்வரை அதை அறிவிக்கவே வேண்டாம் என்பது ஏற்பாட்டாளருக்கு என் யோசனை. ஆறில் ஒன்றுக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம். மீதி ஐந்து இடம் காலியாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.