மைனஸ் பதினாறு இருக்க வேண்டிய நாளில் மழை

வணக்கம் மக்களே. சத்தம் கேட்கிறதா? மைக் உறை மேலே பட்பட்டென்று விழுவது பனி இல்லை, மழை. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம், லாங்கியர்பியன் ஊர், வட துருவத்துக்கு 1,300 கிலோமீட்டர்தான் மிச்சம், பிப்ரவரி மாதம், மதியம் பன்னிரண்டு மணி. வெளிச்சம் இவ்வளவுதான் வரும், கேமராவைக் குறை சொல்லாதீர்கள். சூரியனையே பார்த்து மூன்று மாதத்துக்கு மேலே ஆகிறது, மலைக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, ஊருக்குள் எட்டிப் பார்க்க மார்ச் 8 ஆகும்.

காலையில் கடைக்குப் போகும்போது விழுந்தேன். செருப்புக்கடியில் மாட்டும் ஆணிப்பட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன், மழை தரையில் விழுந்த உடனே உறைந்து கண்ணாடியாகிவிட்டது, பால் பாக்கெட் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். சரி, அதை விடுங்கள்.

போன வீடியோவில் மைனஸ் 24 காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு ஒரு அண்ணன் கேட்டிருந்தார், "இதில் எங்கேப்பா புவி வெப்பமடைதல்?" என்று. இன்று பிளஸ் 3. இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னொருவர் "ஐயோ எல்லாம் உருகிப் போச்சு" என்று எழுதுவார். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: ஒரு வாரத்தை வைத்து இந்த ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரு குளிர்காலத்தை வைத்துக்கூடச் சொல்ல முடியாது.

ஏனென்றால் இங்கே குளிர்காலம் என்பது எப்போதுமே ஆடிக்கொண்டிருக்கிற ஒன்று. கோடை அப்படி இல்லை. ஜூலை சராசரி ஆறு ஏழு டிகிரி பக்கத்தில் நிற்கும், வருடத்துக்கு வருடம் பெரிய வித்தியாசம் இருக்காது, வருகிற சூடெல்லாம் பனியை உருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. குளிர்காலத்தில் எல்லாமே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, கடல் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வந்தால் துருவப் பனியின் மேலேயே தவழ்ந்து வரும், எலும்பு வரைக்கும் போகும். தென்மேற்கிலிருந்து வந்தால் அட்லாண்டிக் ஈரத்தைச் சுமந்து வரும், ரெண்டே நாளில் வெப்பநிலை முன்பு இருந்ததை விட இருபது டிகிரிக்கு மேலே கூடிவிடும். அதுதான் நீங்கள் இப்போது கேட்கிற சத்தம்.

அப்புறம் அந்தக் கடல். கடலின் மேலே படிகிற பனிக்கட்டியை ஒரு பானை மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைகிற கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில் இருக்கும், மேலே காற்று மைனஸ் 25. நமக்கு ரெண்டுமே குளிர்தான், ஆனால் அந்தக் காற்றுக்கு அந்தக் கடல் ஒரு கணப்பு. மூடி இருந்தால் சூடு கீழேயே அடங்கிக் கிடக்கும். மூடியை எடுத்தால் அத்தனையும் காற்றில் ஏறும். ஸ்வால்பார்டு சரியாக அந்த மூடியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. விளிம்பு கொஞ்சம் தெற்கே வந்தால் ஒரு காலநிலை, வடக்கே போனால் வேறொரு காலநிலை.

இங்கே தொடர்ச்சியாக வானிலை பார்க்க ஆரம்பித்தது 1911 டிசம்பரில், கிரீன் ஹார்பர் என்ற இடத்தில். அதற்கு முன்னால் வேட்டைக்காரர்களும் ஆய்வுப் பயணம் வந்தவர்களும் எழுதி வைத்த குறிப்புகளையெல்லாம் கோர்த்து 1898 வரைக்கும் ஒரு வரிசையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். குளிருக்குப் பயந்து குடிசைக்குள் சுருண்டு கிடக்காமல் ஒருத்தர் வெளியே வந்து எண்ணை எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள், அவருக்கு ஒரு கும்பிடு. அந்த வரிசையில் 1910கள் கடுங்குளிர். அடுத்த இருபது வருடத்தில் சட்டென்று சூடேறுகிறது, 1930களும் 50களும் இதமாக இருக்கின்றன, 60களில் மறுபடி குளிர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1986 மார்ச்சில் விமான நிலையத்தில் மைனஸ் 46.3. மிகக் குளிர்ந்த குளிர்காலத்தின் சராசரிக்கும் மிக இதமான குளிர்காலத்தின் சராசரிக்கும் பத்து டிகிரிக்கு மேலே இடைவெளி. சராசரிக்கு! ஒரு நாளைக்கு இல்லை.

அதற்கும் முன்னால்? அதற்கு வெப்பமானி கிடையாது, பனிதான். லொமோனொசோவ்ஃபோனா, ஹோல்டேடால்ஃபோனா என்று ரெண்டு பனிமுகடுகள் இருக்கின்றன (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வாய் உறைந்துவிடும்). அங்கே துளை போட்டு உருளை உருளையாகப் பனியை எடுத்தார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் ரெண்டு எடையில் இருக்கும், சாதாரண ஆக்சிஜன்-16, கொஞ்சம் கனமான ஆக்சிஜன்-18. மேகம் குளிரக் குளிர கனமானது முதலில் கீழே விழுந்துவிடும். அதனால் கடுங்குளிரில் பெய்த பனியில் கனமான ஆக்சிஜன் குறைவு. அடுக்கு அடுக்காக அளந்துகொண்டே போனால் ஆயிரம் வருடத்துக்கு மேலான குளிர்காலங்களின் கணக்கு கிடைக்கும். ஒரு குறை உண்டு. இந்த முகடுகள் அவ்வளவு உயரமில்லை, கோடையில் மேல்பனி உருகிக் கீழே கசிந்து எழுத்தைக் கலைத்துவிடும். ஆகவே வருடக் கணக்கு கேட்கக் கூடாது, பொதுவான போக்கைத்தான் கேட்கலாம்.

அந்தப் போக்கு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஏறக்குறைய 800ஆம் ஆண்டிலிருந்து 1800 வரை குளிர்காலம் மெதுவாக, நூற்றாண்டுக்கு 0.9 டிகிரி போலக் குளிர்ந்துகொண்டே வருகிறது. "சிறு பனியுகம்" என்று சொல்கிற அந்தக் குளிர் நூற்றாண்டுகள் இந்த வருடம்தான் தொடங்கின என்று விரல் வைத்துக் காட்ட ஒரு இடமே இல்லை. 1800கள்தான் அடிமட்டம், இருபதாம் நூற்றாண்டை விட நாலு டிகிரி அளவுக்குக் குளிர். இதே பனியை வைத்து நார்வேயின் வடகிழக்கு முனையில் இருக்கிற வர்தோவுக்கும் கணக்குப் போட்டார்கள், அங்கே வித்தியாசம் 1.3 டிகிரிதான். ஏன் இவ்வளவு குறைவு? வர்தோவில் கடல் உறையாது. மூடியே இல்லாத பானைக்கு மூடியைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன.

இப்போது அந்த அண்ணன் மறுபடி வருவார், எனக்குத் தெரியும். 1200க்கு முன்னால் ஸ்வால்பார்டின் குளிர்காலம் 1990களின் கடைசி அளவுக்காவது இதமாக இருந்திருக்கிறது என்று அதே ஆய்வு சொல்கிறதே, அப்போது யார் கார் ஓட்டினார்கள் என்று கேட்பார். நல்ல கேள்வி, இதை மழுப்பிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆமாம், இதமாக இருந்தது. ஆனால் ஆயிரம் வருடமாக ஒவ்வொரு படியாக இறங்கிய இடத்திலிருந்து ஏறி வர நூறு வருடம்தான் ஆகியிருக்கிறது, அதுவும் 90களின் கடைசியோடு நிற்கவில்லை. 2010 கடைசியில் தொடங்கி 2019 தொடக்கம் வரைக்கும் நூறு மாதம், ஒரு மாதம்கூட விடாமல், வெப்பநிலை 1961-90 சராசரிக்கு மேலேயே இருந்தது. இவ்வளவு ஆடுகிற ஊரில் நூறு முறை தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தால், நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்க்க மாட்டீர்களா? 1920களின் சூட்டில் கடலும் காற்றும் தானாக ஆடிய ஆட்டம் பெரிய பங்கு, அதனால்தான் 60களில் குளிர் திரும்பி வந்தது. இந்த முறை மூடி திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை. எனக்குப் பின்னால் தெரிகிற ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு புகுந்த கடல், முன்பெல்லாம் குளிர்காலத்தில் உறையும், பனி ஸ்கூட்டரில் குறுக்கே போவார்களாம். 2006 குளிர்காலத்தில் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் மேற்குக் கரை ஃபியோர்டுகளுக்குள் புகுந்தது, அதற்கப்புறம் இதன் நடுப்பகுதி சரியாக உறைவதே அபூர்வம்.

இன்னும் வடக்கே நி-ஓலெசுன் என்ற ஆய்வு ஊரில் ஃபியோர்டுக்குள் 2014இல் இந்தியா ஒரு கருவித் தொகுப்பை நங்கூரம் போட்டு இறக்கியது, இண்டார்க் என்று பெயர். நம் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்களும் சேர்ந்து செய்தது. குளிர்காலத்தில் அந்த அட்லாண்டிக் நீர் எப்போது நுழைகிறது என்று ஆள் போக முடியாத இருட்டிலும் அது அளந்துகொண்டே இருக்கும்.

மழையால் அதிகம் அடி வாங்குவது நான் இல்லை, ரெயின்டீர்கள், அதாவது பனிமான்கள். மழை பனிக்குள் இறங்கிப் புல்லின் மேலே பாறை மாதிரி உறைந்துவிட்டால் கால் குளம்பால் உடைக்க முடியாது. 2012 தொடக்கத்தில் அப்படித்தான் பெரிய மழை வந்தது. பசி தாங்காமல் கரைக்கு இறங்கிக் கடற்பாசியைத் தின்னும். இருங்கள், ஜூம் பண்ணுகிறேன்... அதோ, அந்தக் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், ரெண்டு. இல்லை, மூன்று. குட்டி ஒன்று நிற்கிறது.

பேட்டரி சிவப்பில் ஓடுகிறது. இனிமேல் இந்தக் கண்ணாடித் தரையில் ஆணிப்பட்டை இல்லாமல் கீழே இறங்க வேண்டும், அதைப் படம் பிடிக்கப் போவதில்லை.