பைக்குள் ஒரு பிச்சாத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுப் பிள்ளைகளுக்கு உளி தீட்டவும் அரம் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தே என் உத்தியோகக் காலம் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மருந்துவாழ்மலை ஏறுவேன், இல்லையென்றால் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் நடப்பேன். பையில் தண்ணீர், துண்டு, அப்புறம் ஒரு பிச்சாத்தி, அதாவது சின்னக் கத்தி. அதைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எந்தக் கத்தி வாங்கலாம், எந்த இரும்பு நல்லது?" அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இரும்பின் பெயருக்குப் போகுமுன் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பனையேறி. இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டியில் இரண்டு அரிவாள் இருக்கும். ஒன்று மட்டை அரிவாள், இன்னொன்று பாளை அரிவாள். மட்டை அரிவாள் தடிப்பானது, ஓலை மட்டையை ஓங்கி வெட்டுவதற்கு. பாளை அரிவாள் மெல்லியது. காலையும் மாலையும் பனையில் ஏறி, பாளையின் நுனியை வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவிவிட வேண்டும். அரிவாள் மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும், பதநீர் நின்றுபோகும். அன்றைய வருமானமே அந்த முனையில்தான் இருந்தது.

சாயங்காலம் திண்ணையில் ஒரு மரப்பலகையைச் சாய்த்துப் போட்டு, வெங்கச்சங்கல்லை இடித்துச் சலித்த பொடியைத் தூவி, பாளை அரிவாளை அதில் இழுப்பார். சரக், சரக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வரும். தீட்டி முடித்ததும் முழங்கைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். முடி உதிர்ந்தால்தான் அரிவாள் பெட்டிக்குள் போகும். அப்பாவின் இடது கையில் முடியே இருந்ததில்லை. ஒருநாள் நான் பாளை அரிவாளை எடுத்துப் போய் வேலிக்குக் கம்பு வெட்டினேன். முனையில் நெல்மணி அளவுக்கு ஒரு துண்டு தெறித்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. மறுநாள் காலையில் பேசாமல் என்னைக் கொல்லப்பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே பார்த்ததை இப்போது சொன்னாலும் கண்முன் நிற்கிறது. சிரட்டைக்கரி உலை. அரிவாளின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, செக்கச்சிவந்து வந்ததும் கொல்லர் அதைத் தண்ணீரில் முக்கினார். வாய்ப்பகுதியை மட்டும்தான், முதுகை விட்டுவிட்டார். உடனே எடுத்து, ஒரு செங்கல் துண்டால் கருப்பைத் தேய்த்து வெளுக்க வைத்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்க இறங்க, வெளுத்த இரும்பில் வைக்கோல் மஞ்சள் ஓடியது, அதன் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் ஊதா. மஞ்சள் வாயைத் தொட்ட கணத்தில் மறுபடி தண்ணீரில் முக்கினார். இதைத்தான் தோய்ச்சல் என்கிறோம்.

முதல் முக்கலில் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடினம்தான், ஆனால் தட்டினால் தெறிக்கும். அதை இருநூறு டிகிரிக்குச் சற்று மேலே லேசாகச் சூடாக்கினால் கடினம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தாங்கும் பலம் வருகிறது. நீலம் வரை விட்டுவிட்டால் சுமார் முந்நூறு டிகிரி. பாளை சீவும் முனைக்கு அது கூடாது, சீக்கிரம் மழுங்கிவிடும். நான் கம்பு வெட்டிய அரிவாள் சீவுவதற்கென்று மெல்லிசாக அடித்து, கடினமாகத் தோய்ச்சல் கொடுத்தது. ஓங்கி வெட்டும் வேலை அதனுடையது அல்ல. கடினமும் தாங்கும் பலமும் தராசுத் தட்டுகள் மாதிரி, ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கும். கத்தி வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்பேன். இரும்பின் பெயர் இரண்டாவது, தோய்ச்சல்தான் முதலாவது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி நல்ல தோய்ச்சலோடு இருந்தால், தோய்ச்சல் கெட்ட விலையுயர்ந்த கத்தியைவிட நன்றாக வெட்டும். வீட்டில் கிரைண்டர் மெஷினில் கத்தியைப் பிடிக்கிறவர்கள் கவனியுங்கள். வாயில் நீலம் படர்ந்தால் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீரில் தொட்டுத் தொட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

சரி, இப்போது பெயர்களுக்கு வருவோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்திக்கு முதல் எதிரி துரு. ஒரு பக்கம் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் வருடத்துக்கு இரண்டு பருவமழை. சாதாரணக் கார்பன் எஃகு கூர்மைக்கு அருமையானது, கல்லில் இரண்டு இழுப்பில் முனை வந்துவிடும். ஆனால் மாங்காய் நறுக்கினாலே கறுத்துப்போகும். அப்படி ஒரு கத்தியைத் தோல் உறையில் போட்டு முட்டம் கடற்கரைப் பாறைகளில் ஒரு மாலை சுற்றிவிட்டு வந்து, துடைக்காமல் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் உருவினால் செம்பழுப்புப் புள்ளிகள். தோல் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, வெளியே வையுங்கள்.

துருப்பிடிக்காத எஃகை 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி உருக்கினார். அது துருவைத் தாங்குவதற்குக் காரணம் குரோமியம். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தைப் போட்டுவிடும், கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். அதனால் ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் கடற்கரை போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டி2 என்ற எஃகில் குரோமியம் பன்னிரண்டு சதவீதம் வரை உண்டு, ஆனாலும் துருப்பிடிக்கும். அதில் கார்பன் ஒன்றரை சதவீதம். குரோமியத்தில் கணிசமான பகுதியைக் கார்பன் தன்னோடு கட்டிவைத்துக்கொள்கிறது, படலம் போட மிச்சம் போதாது. கூர்மை நெடுநாள் நிற்கும், ஆனால் சாதாரணக் கல்லில் தீட்டக் கை வலிக்கும். தினசரிக்கு நான் சொல்வது 12சி27 போன்ற எளிய எஃகு. ஓப்பினெல் மடக்குக் கத்திகளில் துருப்பிடிக்காத வகை அதில்தான் வருகிறது. விக்டோரினாக்ஸ் எஃகும் இதே குணம்தான். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூர்மையும் ஆகும். நம் காற்றுக்கு அது போதும்.

வகையைப் பொறுத்தவரை, சட்டைப்பைக்கு மூன்று அங்குல மடக்குக் கத்தி. பூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு மலிவுக் கத்தியின் பூட்டு நழுவி என் ஆட்காட்டி விரலில் நான்கு தையல் விழுந்தது. மலைக்கு மடங்காத நாலு அங்குலக் கத்தி, எஃகு பிடியின் கடைசி வரை நீண்டிருக்க வேண்டும். கனம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கயிறு அறுக்க, கைதச்சக்கை என்கிற அன்னாசி சீவ, காலில் தைத்த முள்ளைக் கிளற இதற்கு மேல் எதற்கு? விறகு பிளப்பது வெட்டுக்கத்தி வேலை. பிடியில் சிவப்புக் கயிறு ஒன்று கட்டிவிடுங்கள், புல்லில் விழுந்தால் தெரியும்.

தீட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நிமிடம்தான் என்று விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லுக்கும் கத்தியின் முதுகுக்கும் இடையில் ஒரு பென்சில் பருமன் இடைவெளி இருக்கட்டும், அது மாறாமல் இரண்டு பக்கமும் இழுங்கள்.

கடைசியாக ஒன்று, இது முக்கியம். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துமூலம் அனுமதி வேண்டும், அந்தச் சட்டம் கத்தியையும் ஆயுதம் என்றுதான் சொல்கிறது. நம் மாவட்டத்து மலைக்காடு பெரும்பாலும் சரணாலயம். அதனால் காட்டுப் பக்கம் போகுமுன் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள், வேண்டாம் என்றால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.