ரஷ்யர் போனார், பிரிட்டிஷார் போகவில்லை: வெய்ஹாய்வெய் துறைமுகக் குத்தகை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1898-இல் சீனத்தின் கடற்கரையைப் பங்குபோட்ட வல்லரசுகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். கியாவ்சோ வளைகுடா ஜெர்மனிக்கு 99 ஆண்டு. போர்ட் ஆர்தர் துறைமுகம் ரஷ்யாவுக்கு 25 ஆண்டு. ஆனால் ஜூலை 1 அன்று பிரிட்டன் எழுதி வாங்கிய வெய்ஹாய்வெய் குத்தகையில் ஆண்டுக்கணக்கே கிடையாது. போர்ட் ஆர்தர் ரஷ்யர் கையில் இருக்கும்வரை இது எங்கள் கையில் இருக்கும், அவ்வளவுதான் நிபந்தனை!

ஏன் அப்படி? வரைபடத்தைப் பாருங்கள். பெய்ஜிங்கை நோக்கிப் போகும் கடல்வழிக்கு வடகரையில் போர்ட் ஆர்தர், தென்கரையில் ஷான்டோங் மாநிலத்து வெய்ஹாய்வெய். ஒரே வாசலின் இரண்டு நிலைக்கால்கள். ஒன்றை ரஷ்யா பிடித்ததும் மற்றதைப் பிரிட்டன் பிடித்தது.

அந்த மண் அதற்கு முன்பே ரத்தம் பார்த்தது. சீனத்தின் பெய்யாங் கடற்படைக்குத் தலைமையிடம் அங்குள்ள லியுகோங் தீவு. சீன-ஜப்பானியப் போரில், 1895 தொடக்கத்தில் ஜப்பானியர் கரைக் கோட்டைகளைத் தரைவழியே கைப்பற்றி, துறைமுகத்துக்குள் கப்பல்களை அடைத்துவிட்டார்கள். தளபதி டிங் ருச்சாங் சரணடைய மனமின்றி உயிரை மாய்த்துக்கொண்டார். சீனா போர் இழப்பீடு கட்டி முடிக்கும்வரை ஜப்பான் அங்கே உட்கார்ந்திருந்தது. 1898 மே மாதம் ஜப்பானியக் கொடி இறங்கிய சுவடு ஆறுமுன் பிரிட்டிஷ் கொடி ஏறியது.

இவ்வளவு அவசரமாக வாங்கியதை வலுவான கோட்டையாக்கினார்களா என்றால், இல்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள். கடற்படையினர் கோடையில் வந்து பயிற்சி செய்யவும் இளைப்பாறவுமே அது பயன்பட்டது. சுற்றுக் கிராமங்களில் சுமார் ஒன்றரை லட்சம் மக்கள். மதில் சூழ்ந்த பழைய நகரம் மட்டும் சீன ஆட்சியிலேயே நின்றது. முதல் உலகப் போரில் பிரான்சின் போர்முனைக்குப் பின்னால் மண் வெட்டவும் சுமை தூக்கவும் சீனத் தொழிலாளர்களைக் கப்பலேற்றியதும் இந்தத் துறையிலிருந்துதான். இதைப் பலர் சொல்ல மறக்கிறார்கள். நான் மறக்க விரும்பவில்லை.

1905-இல் ஜப்பானிடம் தோற்று ரஷ்யா போர்ட் ஆர்தரை விட்டு வெளியேறியது. நிபந்தனை அன்றே முடிந்தது. பிரிட்டன் நகரவில்லை! ரஷ்யா இருந்த இடத்தில் ஜப்பான் வந்துவிட்டதே என்று காரணம் காட்டினாலும், ஒப்பந்தத்தில் இருந்தது ரஷ்யாவின் பெயர்தான். என்னைக் கேட்டால், அந்த நாளுக்குப் பின் அது குத்தகையல்ல, ஆக்கிரமிப்பு.

1922 வாஷிங்டன் மாநாட்டில் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். தந்தது 1930 அக்டோபர் 1 அன்று. சீனத்தின் கடைசிப் பேரரசர் பூயிக்கு ஆசிரியராயிருந்த ரெஜினால்ட் ஜான்ஸ்டன்தான் கடைசி பிரிட்டிஷ் ஆணையராக நின்று ஒப்படைத்தார். அப்போதும் லியுகோங் தீவில் கடற்படை வசதிகளை மேலும் 10 ஆண்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்தமுறை ஆண்டுக்கணக்கை எழுதினார்கள்.