நீ நிர்வாணி என்று உனக்குச் சொன்னது யார்?

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். மழை இப்போதுதான் விட்டது. கூரைத் தகரத்தில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று உடம்பைப் பற்றிப் பேசப்போகிறேன். துணியில்லாத உடம்பைப் பற்றி. ஆபாசமாக ஒன்றும் வராது, பயப்பட வேண்டாம். பெரியவர்கள் நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டிய பேச்சு, அவ்வளவுதான்.

முதலில் என் கையைப் பாருங்கள். விரல் நுனி, மணிக்கட்டு, முழங்கை, எல்லா இடத்திலும் வெண்புள்ளி. கழுத்தில் கொஞ்சம், வயிற்றிலும் முதுகிலும் நிறைய. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுவதால் இது வருகிறது. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. டாக்டர்கள் எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் பக்கம் இது காதில் ஏறுவதில்லை.

முன்பு நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் அன்பின் விருந்து நடந்தது. சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றேன். ஒரு அக்கா வந்து, "நீ களைச்சுப் போயிருப்ப, போய் உட்காரும்மா" என்று அகப்பையை வாங்கிக்கொண்டார். களைப்பு என்று நான் சொல்லவே இல்லை. வாங்கியவர் நேராகப் பந்திக்குப் போகவில்லை. பின்பக்கக் குழாயில் அந்த அகப்பையைக் கழுவிவிட்டுத்தான் போனார். அதிலிருந்து எனக்கு எப்போதும் முழுக்கைச் சட்டைதான், வெயில் 34 டிகிரி அடித்தாலும்.

ஊருக்கு மறைத்தது போதாது என்று நானே என் உடம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். குளிக்கும்போதும் கைலியை அவிழ்க்கமாட்டேன். விளக்கை அணைத்துவிட்டுத்தான் துணி மாற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எழுந்து நின்று, "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால் உம்மைத் துதிப்பேன்" என்று 139ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பேன். வாய் மட்டும் வாசிக்கும்.

அந்த நாட்களில்தான் நேச்சுரிசம் பற்றிப் படித்தேன். துணியில்லாமல் கூடி நீந்துவது, நடப்பது, சமைத்துச் சாப்பிடுவது. காமத்துக்கு அங்கே இடமில்லை என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறார்கள். இதில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடேயே மேலும் படித்தேன். 1891இல் பம்பாய்க்குப் பக்கத்தில் தானேயில் சார்ல்ஸ் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேய நீதிபதி இப்படி ஒரு சின்னக் கூட்டம் ஆரம்பித்திருக்கிறார். அப்புறம் ஜெர்மனியில் அது பெரிய இயக்கமாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1930களில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் இல்ஸ்லி பூன். அவர் ஒரு போதகர். அவருடைய பத்திரிகையைத் தபாலில் அனுப்ப விடாமல் தடுத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1958இல் பத்திரிகைக்குச் சாதகமாக முடிந்தது.

சரி, சரித்திரம் போதும். என்னை உட்கார வைத்தது வேதம்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம், இருவரும் நிர்வாணிகளாயிருந்தும் வெட்கப்படாதிருந்தார்கள் என்று முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் கனியைத் தின்கிறார்கள், அத்தி இலைகளைத் தைக்கிறார்கள், மரங்களுக்கு நடுவே ஒளிகிறார்கள். கர்த்தர் வந்து கேட்கிறார், "நீ நிர்வாணி என்று உனக்கு அறிவித்தவன் யார்?" சின்ன வயதிலிருந்து அதை அதட்டலாகவே கேட்டுப் பழகியிருந்தேன். அன்றைக்குத் துக்கமாகக் கேட்டது. என் உடம்பு அசிங்கம் என்று எனக்கு அறிவித்தவர் யார்? அந்த அக்கா. பெண் பார்க்க வந்து பாதியில் எழுந்து போனவர்கள். நான் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்தவர்கள். அந்த வரிசையில் தேவன் இல்லை.

தேவன் என்ன செய்தார் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. தோல் உடை செய்து அவரே உடுத்திவிட்டார். இந்த இடத்தில் கிறிஸ்தவ நேச்சுரிஸ்டுகள் சிலரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. உடையே பாவத்தின் அடையாளம் என்கிறார்கள். எனக்கு அந்த உடை கருணையாகத் தெரிகிறது. வெளியே முள்ளும் வெயிலும் இருக்கிறது, பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று தைத்துக் கொடுத்த உடை. ஏசாயா மூன்று வருடம் வஸ்திரமில்லாமல் நடந்ததையும் இவர்கள் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அது எகிப்தியரும் எத்தியோப்பியரும் சிறைபிடிக்கப்பட்டு அவமானப்படப் போவதற்கான அடையாளம். அதைக் கொண்டுவந்து இங்கே வைப்பது சரியில்லை.

ஆதிச் சபையின் ஞானஸ்நானம் என்னை அசைத்தது. எருசலேம் ஆயர் சிரிலின் பெயரில் நான்காம் நூற்றாண்டுப் போதனைகள் கிடைத்திருக்கின்றன. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் அவர் பேசுகிறார்: உடையைக் களைந்து எல்லார் முன்னும் நின்றீர்கள், வெட்கப்படவில்லை, தோட்டத்தில் இருந்த முதல் ஆதாமின் சாயலைச் சுமந்தீர்கள். பெண்களுக்கு எண்ணெய் பூசப் பெண் ஊழியர்களே இருந்தார்கள். அதாவது, ஒழுங்கோடு செய்தார்கள்.

அப்புறம் சிலுவை. போர்ச்சேவகர் ஆண்டவருடைய வஸ்திரங்களைப் பங்கு போட்டார்கள், தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். ரோமர்கள் சிலுவையில் அறையும்போது மானத்தையும் சேர்த்துப் பறிப்பார்கள். படத்தில் நாம் பார்க்கும் இடைத்துணி ஓவியர்கள் மரியாதைக்காகப் போட்டது. எபிரெயர் நிருபம், அவர் அவமானத்தை எண்ணாமல் சிலுவையைச் சகித்தார் என்கிறது. ஊர் பார்க்க உரித்து நிறுத்தப்பட்ட ஒருவர் என் ஆண்டவர். என் தோலைப் பார்த்து அவர் முகம் சுளிப்பாரா?

லேவியராகமம் 13ஐயும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்மேல் எறியப்படும் அதிகாரம் அது. 38, 39ஆம் வசனங்களைப் படியுங்கள். ஆணுக்கோ பெண்ணுக்கோ தோலில் மங்கின வெள்ளைப் புள்ளிகள் வந்தால் ஆசாரியன் பார்க்க வேண்டும். அது வெறும் தேமல், அந்த ஆள் சுத்தமுள்ளவன். சுத்தமுள்ளவன் என்றே எழுதியிருக்கிறது. அதுவரை வாசித்துக் காட்ட ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது, கூட்டமாகத் துணியில்லாமல் இருப்பதால் மனசுக்கு என்ன நடக்கிறது என்று லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் கியோன் வெஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் ஆராய்ந்திருக்கிறார். 2017 ஆய்வில் பிரிட்டனில் 849 பேரிடம் கேட்டார். நேச்சுரிசத்தில் அதிகம் கலந்துகொண்டவர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் திருப்தி கூடுதலாக இருந்தது. திருப்தி உள்ளவர்கள்தானே அங்கே போவார்கள் என்று கேட்கலாம். 2020இல் வந்த ஆய்வில் 51 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவைத் துணியோடும் இன்னொரு குழுவைத் துணியில்லாமலும் பழகவிட்டார். துணியில்லாத குழுவுக்குத் தங்கள் உடம்பின்மேல் மதிப்பு கூடியது. அடுத்தவர் நம் உடம்பை எடைபோடுகிறார் என்ற பயம் குறைந்ததே காரணம் என்கிறார்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ரப்பர் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானத்தில் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாம் அங்கே சேருவார்கள். கைலியை மார்புக்கு மேல் முடிந்துகொண்டு குளிப்பார்கள், அதனால் அது நிர்வாணம் கிடையாது. இருந்தாலும் உடம்பு உடம்பாகத் தெரியும். பால் வாளிகளைத் தொங்கவிடும் காண்டா கம்பு சுமந்து காய்ப்பு ஏறிய தோள். அட்டை கடித்துக் கறுத்த கெண்டைக்கால், அதன்மேல் புடைத்து ஓடும் நரம்பு. பால் கத்தி கிழித்த தழும்பு. என் அம்மாவின் முதுகைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பீர்க்கங்கூட்டால் தேய்ப்பார், தேய்த்துக்கொண்டே சம்பளப் பிடித்தத்தைப் பற்றிப் பேசுவார். யாருடைய வயிறு தொங்குகிறது என்று அங்கே பேச்சே வராது. எல்லாருக்கும் தொங்கியது.

தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கு வந்தோம். வீட்டுக்கு ஒரு குளியலறை, கதவு, தாழ்ப்பாள். வசதிதான், அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டாம். ஆனால் இன்றைக்கு ஒரு இளம்பெண் தன் உடம்பைத் தவிர வேறு உடம்பு பார்ப்பது கைப்பேசியில் மட்டும். அங்கே தோலைத் தேய்த்து வழுவழுப்பாக்கித்தான் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பெயர் தெரியாத வெள்ளைக் கிரீம் வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் இருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உன்னதப்பாட்டில் ஒரு பெண், நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன் என்கிறாள். தோட்டத்தில் காவலுக்கு நின்றதால் வெயில் பட்ட தோல் அது. என் அம்மா அந்த வசனத்தைத் தனக்கு எழுதியதாகவே நினைத்தார்.

கடற்கரைக்கு வாருங்கள் என்று நான் யாரையும் கூப்பிடவில்லை. நம் நாட்டில் பொது இடத்தில் நிர்வாணம் குற்றம். 2015இல் கினபாலு மலையில் உடை களைந்த வெளிநாட்டுப் பயணிகள் நால்வருக்கு 3 நாள் சிறையும் 5,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தது. கடசான் டூசுன் மக்களுக்கு அது முன்னோர் தங்கும் மலை. அடுத்தவர் மனதை மிதித்துப் பெறும் விடுதலை எனக்கு வேண்டாம்.

நான் செய்வது என் அறைக்குள். இரவு குளித்ததும் கதவைச் சாத்தி, துணியில்லாமல் அம்மாவின் இரும்பு அலமாரிக் கண்ணாடி முன் நின்று ஜெபிக்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், தட்டாமல் உள்ளே வரமாட்டார். ஆரம்பத்தில் பாதத்தை மட்டும் பார்த்தேன். பாதத்துக்காக நன்றி சொன்னேன். அப்புறம் முழங்கால். வயிற்றுக்கு வரத்தான் நாள் பிடித்தது, அழுகை வந்தது. இப்போது பார்த்தால், பால் மரப் பட்டையில் படர்ந்திருக்கும் வெள்ளைத் திட்டு மாதிரி, ஓரங்கள் வளைந்து வளைந்து அழகாகவே இருக்கிறது. மனசாரச் சொல்கிறேன். எங்கள் போதகரம்மாவிடம் இதைச் சொன்னேன். முழுதும் கேட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்.

தங்கச்சிகளுக்கு ஒன்று. நேச்சுரிசம் என்று பெயர் சொல்லி யாராவது படம் அனுப்பச் சொன்னால் உடனே பேச்சை நிறுத்துங்கள். அறையில் கைப்பேசி இருக்கக் கூடாது, கேமரா இருக்கவே கூடாது. திருமணமானவர்கள் துணையை வற்புறுத்தவும் கூடாது.

உடம்பை ஏற்றுக்கொண்டால் மருந்து எதற்கு என்றும் கேட்கிறார்கள். நான் மருந்து பூசுகிறேன், ஒளி சிகிச்சைக்கும் போகிறேன். முகத்திலும் கழுத்திலும் நிறம் ஓரளவு திரும்பும், விரல் நுனியில் திரும்புவது கஷ்டம். புள்ளி உள்ள இடம் வெயிலில் சீக்கிரம் புண்ணாகும், அதனால் வெளியே போகும்போது மூடிக்கொள்கிறேன் அல்லது சன்ஸ்கிரீன் போடுகிறேன். ஈப்போ பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போகத் தயங்குகிற பெண்கள் இந்தப் பக்கம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். நானும் கூட வருகிறேன், ஒரே காரில் போவோம்.