சுரங்க நீரிலிருந்து ஓவியக் காவி

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சண்டே கிரீக் என்றோர் ஓடை. ட்ரூடவுன் என்னும் இடத்தில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் நீர் அதில் கலக்கிறது. அதற்குக் கீழே ஓடை முழுக்க ஆரஞ்சு நிறம். ஆண்டுக்கு ஏறத்தாழ 900 டன் இரும்பு ஆக்சைடு இப்படிப் போகிறது. நாம் காவி என்கிறோமே, அதுதான். ஒஹையோ பல்கலைக்கழகப் பொறியாளர் கை ரீஃப்ளரும் ஓவியர் ஜான் சேப்ராவும் சேர்ந்து அதை வண்ணமாக்குகிறார்கள்.

நிலக்கரியோடு கிடக்கும் பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் பிரியும். ஊற்றுவாயில் பிடித்தால் அந்த நீர் தெளிவாகவே இருக்கும். ஆக்சிஜன் ஏறிய பிறகுதான் துரு படியும். அமில நீரில் அது மிக மெதுவாக நடக்கிறது. அமில-கார அளவான பிஎச் 5-ஐத் தாண்டிவிட்டால் ஒவ்வோர் அலகுக்கும் வேகம் நூறு மடங்கு கூடும். அதனால் காரம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, காற்றைக் குமிழியாகச் செலுத்துகிறார்கள்.

காரம் மிஞ்சிப் பிஎச் 9-ஐத் தொட்டால் மாங்கனீசும் சேர்ந்து படிந்து, நிறம் கறுத்துவிடும். நீரைச் சுத்தம் செய்வது மட்டுமே நோக்கமென்றால் இது பெரிய விஷயமில்லை, சகதி எப்படியும் குழிக்குத்தான் போகும். வண்ணம் கேட்பவர் வந்தபின் அந்த அலட்சியம் செல்லாது. இந்தக் கூட்டுழைப்பில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

படிந்ததைப் பலமுறை கழுவ வேண்டும். சல்பேட் உப்பு தங்கினால் பின்னாளில் ஓவியத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். உலர்த்தி அரைத்தால் மஞ்சள் காவி. 300 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் உள்ளிருக்கும் நீர் பிரிந்து செங்காவி. 800-க்கு மேல் போனால் துகள்கள் ஒட்டிப் பெருத்து ஊதா சாயும். தட்டில் கனமாகப் பரப்பிச் சுட்டால் மேலே சிவந்து உள்ளே மஞ்சளாக நிற்கும். மெல்லிய அடுக்காகத்தான் பரப்ப வேண்டும்.

கேம்ப்ளின் என்ற வண்ண நிறுவனம் இந்தக் காவியை எண்ணெயில் குழைத்து, பழுப்பு, துருச்சிவப்பு, ஊதா என மூன்று டியூபுகளாக விற்றிருக்கிறது. ஆனால் 900 டன்னை டியூபுகளில் தீர்க்க முடியாது. பைரைட் உள்ளவரை நீர் வரும். காரத்துக்கும் மின்சாரத்துக்கும் செலவும் வரும். அதை ஈடுகட்ட டன் கணக்கில் வாங்குபவர்கள் வேண்டும்: சுவர்ப்பூச்சுக்காரர்கள், தரைக்கல் வார்ப்பவர்கள். அவர்கள் முதலில் கேட்பது, போன மூட்டையும் இந்த மூட்டையும் ஒரே நிறமா என்பதைத்தான்.