குதிரை இல்லாத போலோ

வணக்கம் நேயர்களே. குதிரை மேல் இருந்து நீளத் தடியால் பந்தை அடிக்கும் போலோ என்றதும் வெள்ளைக் காற்சட்டையும் பெரிய இடத்து ஆட்களும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். நியாயம்தான். ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு குதிரை காணாது, களைக்கக் களைக்க மாற்ற வேண்டும். ஆனால் 1859இல் அசாமின் சில்சாரில் வெள்ளைக்காரர் போலோ சங்கம் அமைத்ததே மணிப்பூர்க்காரர் ஆடியதைப் பார்த்துத்தான். மணிப்பூரில் அதற்குச் சகோல் காங்ஜெய் என்று பெயர். பக்கத்துக்கு ஏழு பேர், குட்டையான குதிரை, மூங்கில் வேரில் செய்த பந்து. பழைய முறையில் கோல் கம்பமே இல்லை. பந்து எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டைத் தாண்டினால் கோல்.

சரி, குதிரை இல்லாதவன் என்ன செய்வான்? கிடைத்ததில் ஏறுவான். ஏறிய பிறகு அந்த வாகனத்தின் குணத்தைப் பார்த்துச் சட்டம் எழுதுவான். எனக்குப் பிடித்ததே அந்தச் சட்டங்கள்தான்.

யானையை எடுங்கள். 1982இல் நேபாளத்துச் சித்வனில் யானைப் போலோ தொடங்கியபோது முதலில் கால்பந்தைத்தான் உருட்டிவிட்டார்கள். யானைகளுக்கு அதை மிதித்து வெடிக்க வைப்பதில் அப்படி ஒரு சந்தோசம்! பிறகுதான் சின்னப் போலோப் பந்துக்கு மாறினார்கள். பாகன் முன்னால் இருந்து யானையை நடத்துவார், ஆட்டக்காரர் பின்னால் இருந்து ஆளை விட நீளமான மூங்கில் தடியால் அடிப்பார். பெண்கள் இரண்டு கையாலும் பிடிக்கலாம், ஆண்களுக்கு ஒரு கைதான். இப்போது சட்டத்தைக் கேளுங்கள்: யானை தும்பிக்கையால் பந்தைத் தூக்கக் கூடாது. கோல் வாசலில் யானை படுக்கக் கூடாது. படுத்துப் பார்த்திருக்கிறார்கள் போல, இல்லாவிட்டால் யார் இதை எழுதி வைப்பார்கள்?

இங்கே இலங்கையில் காலி நகரிலும் யானைப் போலோ ஆடினார்கள். 2007இல் ஒரு யானை மிரண்டு, மேலே இருந்தவர்களை விழுத்தி, ஸ்பெயின் அணியின் வான் வண்டியையும் நொறுக்கியது. காட்டு யானை வழிமறிக்கும் ஹபரணைப் பக்கம் இரவில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அங்குசமும் அடியுமாக யானையைப் பழக்கி விளையாட்டுக்கு இழுப்பது எனக்கு எப்போதும் மனம் ஒப்பாத காரியம். அதனால் அது நின்றதில் எனக்குக் கவலை இல்லை. பிறகு காலியில் யானைக்குப் பதிலாக ஓட்டோ வந்தது. சாரதி ஓட்ட, பின்னால் இருப்பவர் பாதி உடம்பை வெளியே நீட்டி அடிப்பார். பாதி உடம்பை வெளியே விட்டுப் போகிறவர்களை நம்முடைய திருகோணமலை என்.சி. வீதியில் தினமும் பார்க்கிறோம், கையில் தடிதான் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது சைக்கிள் போலோ. 1891இல் அயர்லாந்தின் விக்லோவில் ரிச்சர்ட் மெக்ரெடி தொடங்கியது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்து, அயர்லாந்து ஜெர்மனியை வென்றது. இந்தியாவில் இன்றைக்கும் தேசியப் போட்டி உண்டு, கேரளத்துப் பிள்ளைகள் நன்றாக ஆடுவார்கள். அது புல்தரையில். சீமெந்துத் தரையில் மூன்று பேராக ஆடும் முறையை அமெரிக்காவின் சியாட்டிலில் சைக்கிளில் கடிதம் கொண்டு திரிந்த பொடியன்கள் பரப்பினார்கள். அடிக்கும் தடியும் அவர்களே செய்ததுதான்: பழைய பனிச்சறுக்குத் தடியின் நுனியில் கேஸ் குழாய்த் துண்டு ஒன்று. இங்கே பனிக்கு எங்கே போவது? தடிக்கு அலுமினியக் குழாய் போதும். நுனியில் உள்ள குழாய்த் துண்டின் வாய்ப்பக்கத்தால் அடித்தால்தான் கோல், பக்கவாட்டால் தள்ளி விட்டால் கணக்கில் இல்லை. ஆடும்போது கால் நிலத்தில் பட்டால் பந்தைத் தொடக் கூடாது. ஆடுகளத்தின் நடுக்கோட்டு ஓரத்துக்குப் போய் அங்கே தடியால் தட்டிவிட்டுத்தான் திரும்ப வரலாம். சைக்கிளின் குணம் விழுவது, அதற்கேற்ற சட்டம். திரும்பவும் சொல்கிறேன், இதற்குக் குதிரையும் வேண்டாம், யானையும் வேண்டாம். ஏகாம்பரம் மைதானத்துக்குச் சைக்கிளில் வருகிற பொடியன்கள் அப்படியே...

கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நேரம் முடிந்ததென்று கையைக் காட்டுகிறார்கள். திருகோணமலைக்கென்றே வைத்திருந்தது கடைசியில் வந்து மாட்டுப்பட்டுவிட்டது: சிறு படகுப் போலோ. பக்கத்துக்கு ஐந்து பேர், கோல் வலை தண்ணீருக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கும், பந்தைக் கையாலும் எறியலாம், துடுப்பாலும் தட்டலாம். பாதிக்குப் பத்து நிமிடம். தலைக்கவசம் கட்டாயம், துடுப்பு முகத்துக்கு வரும். உட்துறைமுகத்தில் அலை இல்லாத தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது! மிச்சத்தை நிலையம் இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.